ஜெர்மனி: ஐந்து சதவீத வாசல்

2025 பிப்ரவரி 23 அன்று நடந்த ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தலில் 82.5 சதவீதம் பேர் வாக்களித்தனர். பிரீட்ரிக் மெர்ஸின் கிறிஸ்தவ ஜனநாயக அணி 28.5 சதவீதத்துடன் முதலிடம் பிடித்தது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. முந்தைய தேர்தலைப் போல் இருமடங்காக, 20.8 சதவீதம் பெற்றது. ஆட்சியிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சி 16.4 சதவீதமாகச் சரிந்தது.

அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கின் விகிதப்படி 630 இடங்களும் பங்கிடப்படுகின்றன. ஐந்து சதவீதத்தையோ மூன்று தொகுதி வெற்றிகளையோ எட்டாத கட்சிக்குப் பொதுவாக இடமில்லை. சாரா வாகன்க்னெக்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றது. குறைந்தவை ஏறத்தாழ 9,500 வாக்குகளே. அக்கட்சி உள்ளே வந்திருந்தால், 328 இடங்களுடன் ஆட்சியமைத்த மெர்ஸ்–சமூக ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும்பான்மையே கிடைத்திருக்காது.

ஏ.எஃப்.டி.யுடன் கூட்டில்லை என்ற பிற கட்சிகளின் உறுதி சரியானது. ஆனால், பெர்லின் நீங்கலான ஐந்து கிழக்கு மாநிலங்களிலும் அக்கட்சியே முதலிடம் பெற்றது. அந்த மக்களின் மனக்குறையைத் தீர்க்காமல், கூட்டணிக் கணக்கால் மட்டும் ஜனநாயகத்தைக் காக்க முடியாது.