யாரைக் கேட்டு அந்த முகம்?

அன்புள்ள பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மார்களுக்கும்,

குலதெய்வப் பொங்கல் முடிந்து சியோல் வந்து சேர்ந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கொரியாவுல பொம்மைப் பொண்டாட்டி கிடைக்குதாமா, நம்ம மாப்பிள்ளைக்கு ஒண்ணு அனுப்பி வை கண்ணு" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். நாற்பது தாண்டியும் பெண் அமையாத மச்சான், என் மாமா பையன், அப்போது உங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "நடிகை மூஞ்சி கேட்டாலும் செஞ்சு தருவாங்களா?" என்றார் இன்னொருவர். சிரிப்பு கூடியது.

பதில் சொல்கிறேன். தோல் நிறம், கண், மார்பளவு எல்லாம் வாங்குபவர் சொன்னபடி சிலிகானில் செய்கிறார்கள். 2019இல் இங்குள்ள உச்ச நீதிமன்றம் இந்தப் பொம்மைகளின் இறக்குமதிக்கு வழிவிட்டதும், தடை கேட்டு அதிபர் மாளிகைக்குப் போன மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். நடிகையின் முகத்தில், ஏன், தெரிந்த பெண்ணின் முகத்திலேயே பொம்மை செய்துவிடுவார்களே என்ற பயம் அது. 2022 டிசம்பரில் முழு உருவப் பொம்மைகளை அனுமதித்த சுங்கத் துறையும், குழந்தை உருவத்தையும் குறிப்பிட்ட ஒருவரின் சாயலையும் விலக்கியே வைத்தது.

தனித்து வாழும் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மையை அணைத்துக்கொண்டால் அவரைத் தூற்ற எனக்கு மனம் வராது. ஆனால் அதை உறவு என்று சொல்லமாட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூடியவள் வருவதில்தான் உறவே இருக்கிறது. கேட்காமல் ஒருத்தியின் முகத்தை அதில் பதிப்பவன், அவள் சொல்லியிருக்கக்கூடிய 'வேண்டாம்' என்பதையே பறித்துக்கொள்கிறான்.

நீங்கள் செய்வது என்ன? பாலக்காட்டுத் தரகர் மச்சானுக்கு அனுப்பிய பெண்களின் படங்களை அதே பந்தியில் கைமாற்றிப் பார்த்தீர்கள். நிறத்தைப் பேசினீர்கள், உடம்பைப் பேசினீர்கள். அந்தப் பெண்களுக்குத் தெரியுமா? ஜாதகத்தோடு போன என் படமும் இன்னும் யார் யார் போனில் கிடக்கிறதோ! இங்கே என் வேலையைத்தான் எடை போடுகிறார்கள். அந்த மரியாதையை எந்தக் கல்யாண மண்டபத்திலும் நான் கண்டதில்லை.

மச்சானை வேண்டாம் என்றவள் நான். அதற்காக வருந்தவில்லை, அவரும் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவர்தான். மாதாமாதம் பணம் அனுப்புவதால் அந்த இடத்தில் நான் நின்றதாகிவிடாது. அவரைத்தான் சிரிப்புக்கு ஆளாக்கினீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். பந்தியில் பேசியவர்கள் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் வராத பொங்கலுக்கு நானும் வரமாட்டேன்.

உங்கள் ஊர்ப் பெண்,
சியோல்