வருவோருக்கு மாலை, போவோருக்கு என்ன?

அந்நியர் வருகை வஹகோட்டைக்குப் புதிதன்று. போர்த்துக்கீசப் போர்வீரர்களைக் கண்டி மன்னர் குடியமர்த்திய ஊர் இது என்பது வழிவழிச் செய்தி. அவர்தம் வழிவந்தோர் இம்மண்ணின் மக்களாயினர். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் மக்களையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. பறித்ததை மீட்கப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது.

இன்று அத்தோட்டத்துப் பெண்கள் வீட்டுப்பணிக்காக அரபு நாடுகளுக்குப் போகின்றனர். 2024இல் மட்டும் பிழைப்புக்காகக் கடல்கடந்தோர் 3 இலட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்து 53 ஆயிரம். சிகிரியாவுக்குச் செல்லும் அவர்களது வண்டிகள் இம்மாவட்டத்து வீதிகளில் ஓயவில்லை. நன்று, வரட்டும்! அவர்களால் கிடைத்தது ஏறத்தாழ 317 கோடி டொலர். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பியதோ ஏறத்தாழ 657 கோடி!

முன்னவருக்கு மாலை, பின்னவருக்கு வரிசை. அதையும் பொறுத்துக்கொள்வோம். ஆனால் அதே ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் இருந்த நாட்டிலிருந்தே வாக்களிக்க வழியிருந்ததா? இல்லை. மக்களின் இறைமையில் வாக்குரிமையும் அடங்கும் என்கிறது அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை. பணம் அனுப்ப வங்கி உண்டு. வாக்களிக்கப் பெட்டி இல்லையா?

தூதரகங்களில் வாக்குப்பெட்டி வைக்கச் சட்டம் இயற்றுக என்கிறோம். அடுத்த தேர்தலுக்கு முன்னரே.