'நான் யார்' என்று நம்மிடம் யார் கேட்கிறார்கள்?

கல்லூரிகளில் 'ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி' என்று அவ்வப்போது ஒரு வகுப்பு நடக்கிறது. பயிற்சியாளர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: உன் தாழ்வு மனப்பான்மைதான் உன் எதிரி, அதை உதறிவிடு, தினமும் கண்ணாடி முன் நின்று உன்னையே பாராட்டிக்கொள். நத்தம் பகுதியில் நம் மாணவர்கள் பலரும் இதைக் குறிப்பெடுத்து வந்து எங்களிடம் காட்டியிருக்கிறார்கள். தோழர்களே, இந்தப் பாடத்தை அப்படியே விழுங்கிவிடாதீர்கள்.

'நான் யார்' என்ற கேள்வி நமக்குக் கண்ணாடி முன் வருவதில்லை. திண்டுக்கல் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டிலிருந்து வருகிறது. "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். சொல்வோம். "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்ன பிறகு பேச்சு தொடர்கிறதா, நின்றுவிடுகிறதா என்பதிலேயே நம்மைப் பற்றிய ஒரு தீர்ப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. 'நத்தம்' என்ற சொல்லுக்கே குடியிருப்பு நிலம் என்றுதான் பொருள். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது ஊர் நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுப் பழைய கேள்வி அது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் ஒன்று சொன்னார். பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று நினைக்கிறோமோ, அதிலிருந்தே 'நான்' உருவாகிறது. பிறர்தான் நம் கண்ணாடி. அந்தக் கண்ணாடி யார் கையில் இருக்கிறது என்று அவர் அதிகம் கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். உலக வங்கி அதை 2004இல் வெளியிட்டது. சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்பும் வாசித்த குழுக்களில் தலித் சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. வாசித்தது யாரோ, சரிந்தது நம் பிள்ளை. இதற்குக் கண்ணாடி முன் நின்று என்ன செய்வது? "ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்ற குரலைக் கேட்காத யாராவது உங்களில் இருக்கிறீர்களா? நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் தம்பி தங்கை படிக்கும் பள்ளியில் நிலைமை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

தத்துவம் நமக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாறாத ஆன்மா என்று ஒன்று இல்லை, எல்லாம் காரணங்களால் உண்டாகி மாறுகின்றன என்கிறது பௌத்தம். பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்படும் இழிவுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. 1956இல் அம்பேத்கர் நாக்பூரில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாங்கள் படிக்கிறோம்.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கி, வசைச் சொல்லாக வீசப்பட்ட பெயரையே அதற்குச் சூட்டினார்: 'பறையன்'. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. நாம் பூர்வ பௌத்தர்கள், இந்தப் பெயர் நம்மீது சுமத்தப்பட்டது என்று வாதாடினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எது சரி என்று நம் படிப்பு வட்டத்தில் சண்டையே நடக்கும். எங்களுக்குச் சீனிவாசனின் துணிச்சல் பிடிக்கிறது, பண்டிதரின் வாதம் வலுவாகப் படுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் சங்கடம் இல்லை. இருவருமே தங்கள் பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை; அச்சடித்தார்கள், சங்கம் வைத்தார்கள்.

உளவியலாளர் எரிக் எரிக்சன், வளரிளம் பருவத்தில் தன்னைத் தேடிப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சமூகம் ஓர் அவகாசம் தருகிறது என்றார். திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த அவகாசத்தை யார் தந்தார்கள்? மில்லிலிருந்து திரும்பியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். தனித்தேர்வராகப் பரீட்சை எழுத விரும்பினால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள்; மாலையில் இரண்டு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள்.