மருந்துக்கும் ஓர் ஏடு வேண்டும்

கூட்டுறவு இயக்கத்தில் பழகிய எவரும் எழுத்தில் இல்லாத கணக்கைக் கணக்கென்று ஒப்புவதில்லை. வாங்கிய நூலுக்குச் சீட்டு, கொடுத்த சேலைக்குப் பதிவு, பெற்ற பயிர்க்கடனுக்குக் கையொப்பம் என எதையும் ஏட்டில் ஏற்றிப் பழகியவர்கள் நம் அங்கத்தினர்கள். ஆயினும், அத்துணைக் கவனமுள்ள குடும்பங்களிலும், வீட்டில் யார் எந்த மாத்திரை உண்கிறார், எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது என்று கேட்டால், "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு மஞ்சள் மாத்திரை" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. பணத்துக்கு ஏடு வைத்திருக்கும் நாம் உயிருக்கு ஏடு வைக்கவில்லை. இக்குறையைச் சங்கங்களே முன்னின்று நீக்க வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

நிறம் மருந்தின் பெயராகாது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி இட்ட பெயர். அதன் அருகே இருப்பதே மருந்தின் இயற்பெயர். குரோசின் என்றாலும் டோலோ என்றாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால் தான். சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என மூன்று பெயர்களில் உண்பவர், தாம் ஒரே மருந்தை மும்முறை உண்பதை அறியார். பாராசிட்டமால், நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்தவருக்கும் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது. அஃதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. அளவு மீறினால் கெடுவது ஈரல். குடிப்பழக்கமும் ஈரல் நோயும் உள்ளவருக்கு இவ்வளவும் மிகை. இயற்பெயரை அறிந்தவர் இந்த ஆபத்தினின்று தப்பலாம்.

அடுத்து, ஒவ்வாமை என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். மருந்து உண்டபின் நேரும் துன்பம் எல்லாம் ஒவ்வாமை அன்று. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். எனலாப்ரில் வறட்டு இருமலைக் கொண்டுவரும். இவை பக்க விளைவுகள். மருத்துவரிடம் கூறினால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். ஒவ்வாமையோ உடலின் காப்புப் படை, மருந்தையே பகைவனென எண்ணிப் போர் தொடுப்பது. அது வந்தால், உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் தோன்றும், உதடும் முகமும் வீங்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். மூச்சும் மயக்கமும் சேர்ந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதித்தல் கூடாது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் இட வேண்டியது தொடையில் அட்ரினலின் ஊசி. வேறொரு வகை, மருந்து தொடங்கிச் சில நாட்களோ வாரங்களோ கழித்து வரும். சல்பா மருந்துகளும் வலிப்பு மருந்துகள் சிலவும் இவ்வாறு செய்வதுண்டு. வாயிலும் கண்ணிலும் புண், தோலில் கொப்புளம் எனக் கண்டால் மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் இருவகையிலும் தீங்கு நேர்கிறது. உண்மையான ஒவ்வாமை உள்ளவர் மருந்தின் பெயர் அறியாமையால் அதையே மீண்டும் உண்டு உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். மற்றொருவர், சிறு பக்க விளைவைக் கண்டு, "எனக்கு ஊசியே ஒத்துக்கொள்ளாது" என்று வாழ்நாள் முழுதும் கூறி, நல்ல மருந்தை இழக்கிறார். பென்சிலினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் தமக்குப் பென்சிலின் ஆகாது என்கின்றனர். முறையாகச் சோதித்தால், உண்மையில் ஆகாதவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. இளமையில் இருந்த ஒவ்வாமையும் பத்தாண்டுகளில் பெரும்பாலோர்க்கு நீங்கிவிடுகிறது. ஆனால் அதைச் சோதித்து அறிய வேண்டியவர் மருத்துவமனையில் உள்ள மருத்துவர். வீட்டில் ஒரு மாத்திரையை விழுங்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. எனவே, "ஆகாது" என்று மட்டும் கூறாது, எந்த மருந்து, எந்த ஆண்டு, உண்டு எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது என்று எழுதி வைத்தால், உண்மை எது, வீண் அச்சம் எது என மருத்துவர் முடிவு செய்ய எளிதாகும்.

நம் தொழில்களுக்கே உரிய ஒவ்வாமைகளும் உண்டு. வயல் வரப்பில் முளைக்கும் பார்த்தீனியச் செடியைக் கையால் பிடுங்கும் விவசாயிக்குக் கழுத்திலும் முகத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்து அரிப்பதுண்டு. சாயப் பட்டறையில் சிலவகைச் சாயப் பொடிகளைக் கையாள்பவர்க்கு இளைப்பு வருவதுண்டு. பஞ்சுத் தூசியில் உழைப்பவர்க்கு விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது, ஒவ்வாமை அன்றாயினும், அத்தூசியால் வரும் நோயின் அடையாளம். மருத்துவரிடம் செல்லும்போது தொழில் இன்னதென்று கூறாவிடில், காரணத்தை விட்டு விளைவுக்கு மட்டும் மருந்து உண்ண நேரும்.

குழித்தறியில் நாள்முழுதும் அமர்பவர்க்கு இடுப்பு வலியும், குனிந்து நடவு நடுபவர்க்கு முதுகு வலியும் இயல்பு. இவர்களே காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லா மாத்திரைகளுக்கு அதிகம் இரையாகின்றனர். அப்பொட்டலத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். முன்னது நாட்கணக்கில் உண்டால் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் விளைவிக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு அக்கேடு மேலும் பெரிது. பின்னது சர்க்கரையை ஏற்றும்; எலும்பைத் தேய்க்கும். டெங்கு என ஐயமுள்ள காய்ச்சலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தப்போக்கைத் தூண்டும். ஆதலால் அப்போது பாராசிட்டமாலே தக்கது. பெயரில்லா மாத்திரை சீட்டில்லாக் கொள்முதல் போன்றது. அதனால் நட்டம் நேர்ந்தபின் யாரைக் கேட்பது?

ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். அவை பாக்டீரியாவைக் கொல்வன. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அங்கு அவற்றால் பயனில்லை. பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, போதாத அளவில் உண்டால் கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகும் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை இன்று மெய்யாகிவிட்டது. இம்மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016 முதல் அறிவுறுத்தி வருகிறது. அண்டை வீட்டார் மிச்சம் வைத்த மாத்திரையை அன்போடு கொடுத்தாலும் மறுப்பதே நன்று.

சோதனைகளிலும் சிக்கனமும் விவேகமும் வேண்டும். நீரிழிவாளர், சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் மட்டும் பத்தியமாக இருந்து வெறும் வயிற்றுச் சோதனையில் நல்ல எண் காட்டலாம், ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையை அவ்வாறு ஏமாற்ற இயலாது. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையே அளக்கப்படுவதால், இரண்டு மூன்று மாதக் கணக்கு ஒருங்கே தெரிந்துவிடும். 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் காட்டும். இரத்தசோகை உள்ளவர்க்கு இந்த எண் பிழைபடலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறுபுறம், ஒரு குழல் இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒவ்வாமை பார்ப்பதாகக் கூறி ஆயிரக்கணக்கில் பணம் பெறும் விளம்பரங்களும் உள. அச்சோதனையில் ஒரு பொருளுக்கு எதிர்ப்பொருள் தென்படுவதாலேயே அது ஆகாது என்று பொருளன்று. உண்டபின் துன்பம் நேர்ந்ததா என்பதே முதற்சான்று. சோதனை அதற்குத் துணை. அத்தாளை நம்பிப் பாலையும் முட்டையையும் பருப்பையும் விலக்கினால் குழந்தைகள் மெலிவதே மிச்சம்.

ஆகவே, நாம் சங்கங்களின் முன் வைக்கும் யோசனை இது. ஒவ்வோர் அங்கத்தினர் குடும்பத்துக்கும் சங்கம் ஒரு சிறு ஏடு வழங்கட்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் நாள்தோறும் உண்ணும் மருந்தின் இயற்பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, அது நேர்ந்த ஆண்டு, நேர்ந்த விதம், கடைசிச் சோதனைகளின் தேதியும் எண்களும், செய்யும் தொழில். எழுதத் தெரியாத மூத்த அங்கத்தினர்க்குச் சங்கத்தின் எழுத்தரோ பள்ளி செல்லும் பேரப்பிள்ளையோ எழுதித் தரலாம். ஒருவரது நோய் பிறர் அறிய வேண்டாத செய்தி; ஆதலால் ஏடு அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், சங்க அலுவலகத்தில் அன்று.

மருத்துவர் எழுதிக்கொள்வாரே, நமக்கு எதற்கு இவ்வேலை என்று சிலர் கேட்கலாம். ஊரில் ஒரு மருத்துவர், நகரில் ஒருவர், அவசரத்துக்கு இரவில் வேறொருவர் எனப் பலரிடம் நாம் செல்கிறோம். இவர் எழுதியதை அவர் காண்பதில்லை. எல்லாரிடமும் உடன்செல்பவர் நோயாளி ஒருவரே. ஆகவே ஏடும் அவர் கையில் இருப்பதே முறை.

இது கூட்டுறவின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24-இல் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறக்கப்பட்டபோது, அவற்றுள் பலவற்றை நடத்தும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்றன. இயற்பெயர் மருந்தைக் குறைந்த விலையில் தருவது நற்பணி, வாங்குபவர்க்கு அப்பெயரைப் படித்துக் காட்டி, "இதற்கு முன் எந்த மருந்தாவது ஒவ்வாது போனதுண்டா?" என்று கேட்பது அதனினும் நற்பணி. ஓர் ஏட்டுக்கு ஆகும் செலவு சிறிது. பொது நல நிதியினின்று இதைச் செய்ய வழியுண்டா என்பதை நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆராயட்டும். அதுவரை, அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலையே ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பார்த்து, பெயர்களை எழுதத் தொடங்கலாம்.