முதலில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு



ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் திருக்குறள் ஒப்புவிப்பதைக் கேட்டு மகிழாதவர் இல்லை. ஆனால் மேடை ஏறும் வரை அவர்கள் கையில் வைத்திருக்கும் தாளைச் சற்றுக் கவனியுங்கள். பலருடைய தாளில் குறள் இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோதான் இருக்கும். காதிலும் நாக்கிலும் தமிழ் இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. துவாரகாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான்.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் நமக்கு அருகில் இருப்பது ஜனக்புரி பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு வீடுதான் பள்ளி. ஆனால் அந்த வீட்டிலோ, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெற்றோர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். எழுத்துக் கூட்டாமல் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தாத்தா பாட்டி மட்டுமே. நாங்கள் இருக்கும்போதே இது கைமாறாவிட்டால், பிறகு கொடுப்பதற்கு வீட்டில் ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் 247 எழுத்துகளையும் சொல்லிக் கொடுக்கிறோம். அது தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இந்தி படித்த குழந்தைக்கு 'க' வரிசையில் நான்கு எழுத்துகள் பழக்கம். நமக்கோ ஒரே 'க'. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. "இது எந்த க?" என்று குழந்தை கேட்பது நியாயமான கேள்வி. சூத்திரம் சொல்லி இதைப் புரியவைப்பதைவிட, எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியைப் பலமுறை கேட்கச் செய்வது எளிது.

இரண்டாவது, நாம் வீட்டில் 'வந்துட்டான்' என்கிறோம்; புத்தகம் 'வந்துவிட்டான்' என்கிறது. சென்னைக் குழந்தை இந்த எழுத்துத் தமிழை மெட்ரோ ரயில் அறிவிப்பிலும், செய்தியிலும், மேடைப் பேச்சிலும் தினமும் கேட்கிறது. துவாரகா மெட்ரோவில் அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். இங்கே நம் குழந்தை எழுத்துத் தமிழைக் கேட்க வேண்டுமானால், யாராவது பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டுப் படித்தாக வேண்டும்.

இதில் வெளிநாட்டு அனுபவம் ஒன்று நமக்கு உதவும். லண்டனின் ஹாரிங்கே பகுதிப் பள்ளிகளில் 1976 முதல் 1979 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக் குழந்தைகள் வழக்கமாக வீட்டில் பெற்றோருக்குப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியர் உதவி கிடைத்தது. நன்றாக முன்னேறியது வீட்டில் படித்துக் காட்டிய பிரிவுதான். அந்தப் பெற்றோர்களில் ஆங்கிலம் சரியாகப் பேசவும் படிக்கவும் தெரியாத குடியேறிகளும் இருந்தார்கள். அதனால் காரியம் கெட்டுவிடவில்லை. "எனக்கே தமிழ் படிக்கத் தெரியாதே" என்று தயங்கும் இளம் பெற்றோர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அருகில் அமர்ந்து ஆர்வமாகக் கேட்பதே பெரிய உதவி.

ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம்மவர்களுக்குப் புத்தகத்தைத் திறந்த உடனே பரீட்சை அதிகாரி ஆகிவிடும் பழக்கம் உண்டு. "இது என்ன எழுத்து? நேற்றுத்தானே சொன்னேன்!" என்று இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் நாள் குழந்தை பக்கத்தில் வராது. இங்கிலாந்தில் 1970-களில் உருவான இணைந்து வாசிக்கும் முறை இதற்கு நல்ல மாற்று. அதை நம் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். எதிரே அமராமல் பக்கத்தில் அமருங்கள். இருவர் கண்ணும் ஒரே வரியில் இருக்க வேண்டும். முதலில் நீங்கள் ஒரு பக்கம் படியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, குழந்தையின் வேகத்தில் படியுங்கள். தனியாகப் படிக்கலாம் என்ற தைரியம் வந்ததும் குழந்தை உங்கள் முழங்காலைத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிடுங்கள். குழந்தை திருப்பிச் சொன்னதும் இருவரும் சேர்ந்து தொடருங்கள். திட்டும் வேண்டாம், எழுத்துக் கூட்டச் சொல்லவும் வேண்டாம். முடிவில், "அந்த நரி ஏன் அப்படிச் செய்தது?" என்பது போல ஒரு கேள்வி. பதில் இந்தியில் வந்தாலும் ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் நீங்கள் சொல்லுங்கள். நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வார்கள். அங்கே யாரும் யாருக்கும் பரீட்சை வைப்பதில்லை. இருவரும் ஒன்றையே பார்க்கிறோம் என்பது உறுதியாகிறது. வண்டி பத்திரமாகப் போகிறது. குழந்தையோடு படிப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கான நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதைகளைத் தருகிறது. தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இவை மிகவும் ஏற்றவை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. நாமும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளையானாலும் 'நுழை'யில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இந்தி, ஆங்கிலம், ட்யூஷன் எல்லாவற்றுக்கும் நடுவில் தமிழுக்கு நேரம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இன்னொரு பாடமாக, இன்னொரு தேர்வாக இதைச் சேர்க்கக் கூடாது என்கிறேன். தூங்கப் போகும் முன் ஒரு கதை என்றால் அது குழந்தைக்குச் சுமை ஆகாது. தாத்தா பாட்டி ஊரில் இருந்தால், அதே புத்தகத்தின் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, வீடியோ அழைப்பில் படிக்கச் சொல்லலாம்.

சங்கத்துக்கு என் யோசனை இதுதான். அடுத்த தமிழ் வகுப்பு தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிறு பிற்பகல் பெரியவர்களுக்கு மட்டும் பயிற்சி வையுங்கள். பெற்றோரும், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களும் இருவர் இருவராக அமர்ந்து, மேலே சொன்ன முறையைப் பழகிக்கொள்ளட்டும். பிறகு விருப்பமுள்ள ஒவ்வொரு சொசைட்டியின் பொது அறையிலும் வாரம் ஒரு மணி நேரம் வாசிப்பு நடக்கட்டும். கதவு திறந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பெற்றோருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். முப்பது புத்தகங்கள் கொண்ட ஒரு பை, மாதத்துக்கு ஒரு சொசைட்டி என்று சுற்றி வரட்டும். ஒரு விழாவின் மேடை அலங்காரச் செலவில் இது முடிந்துவிடும்.

பரிசும் கோப்பையும் இதற்கு வேண்டாம். ஒரு குழந்தை ஒரு சிறு கதையைத் தமிழ் எழுத்தில் பார்த்துத் தானே படித்து முடித்தால், அந்த ஆண்டு நம் சங்கம் உருப்படியான ஒரு வேலை செய்தது என்று நான் சொல்வேன். பயிற்சிக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.