பக்கத்தைப் பார்த்தீர்கள், மூளையைப் பார்த்தீர்களா?

"லேசான ஸ்ட்ரோக்தானே சார்! கை கால் நல்லா இருக்கு, தப்பிச்சிட்டீங்க."

இரண்டு வருடமாக இதைக் கேட்டு அலுத்துவிட்டது. இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

இந்த நோய்க்கு நாம் வைத்த பெயர் பக்கவாதம். அதனாலேயே பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். கை தூக்குகிறாரா? வாய் கோணவில்லையே? நடக்கிறாரா? சரி, குணமாகிவிட்டது! அடிபட்டது மூளை என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கு ஒரு வாரத்தில் நடை வந்துவிட்டது. ஆனால் மாத்திரை போட்டேனா என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் தொடர முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது கைக்கும் காலுக்கும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். ஞாபகத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

கேட்டால், "வயசாச்சு சார்." திங்கட்கிழமை இல்லாத வயது செவ்வாய்க்கிழமை வந்துவிடுமா? ஸ்ட்ரோக்கோடு வந்த மறதியை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். சோதிக்க வழி இருக்கிறது. மோகா என்ற சோதனை 2005-லேயே வந்துவிட்டது. மொத்தம் 30 மதிப்பெண். கடிகாரம் வரையச் சொல்வார்கள்; ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதற்குமா நேரமில்லை?

அடுத்து, வீட்டாருக்கு. வருகிறவர்கள் முன்னால் நிறுத்தி, "இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: பரீட்சை வைப்பது வேறு, பாடம் நடத்துவது வேறு. நினைவு பாதித்தவர் தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே பதிந்துவிடக்கூடும். பேட்லியும் வில்சனும் 1994-ல் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். முதலில் விடையைச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கேளுங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரை மணி. ஆசிரியர் பயிற்சியில் எபிங்ஹாஸின் மறதி வளைகோடு படித்தோமே, 1885-ல் அவர் சொன்னது. வகுப்பில் திருப்புதல் நடத்தினோமே, அதேதான் இது.

சிலர் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க சும்மா உட்காருங்க" என்பார்கள். அது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் செய்யாத வேலை மறந்துதான் போகும். பக்கத்தில் நின்று செய்யவிடுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

வல்லாரைத் துவையல் ருசியாக இருக்கும், சாப்பிடுங்கள். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். மாத்திரை நேரத்தை இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது ஒரு டைரி, நாள் வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா, செல்போன் அலாரம், சாவிக்கு ஒரே ஆணி. நோட்டைப் பார்த்துச் செய்வது காப்பியடிப்பது அல்ல. கண்ணாடி போட்டுப் படிப்பவரை யாராவது காப்பியடிக்கிறார் என்று சொல்கிறோமா?

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. ஸ்ட்ரோக் வந்தவர் வீட்டில் ஞாபகத்தையும் சோதித்து, வீட்டாருக்கு இந்தப் பயிற்சிகளைச் சொல்லித் தரட்டும். முதல் சில மாதங்களில்தான் தேறுவது வேகமாக நடக்கும். அந்த மாதங்களை "வயசாச்சு" என்று சொல்லியே வீணடிக்கிறோம்.

அடுத்த முறை ஸ்ட்ரோக் வந்தவரைப் பார்க்கப் போனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். ஒரு டைரியும் பேனாவும் வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் முதலில் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.