கஸ்டர்ட் பவுடர் வேறு, கஸ்டர்ட் வேறு

கஸ்டர்ட் என்றால் நம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுக்குக் கடைசியில், நறுக்கிய ஆப்பிளும் திராட்சையும் மிதக்க, சிறு கிண்ணத்தில் தருவார்களே, அந்த மஞ்சள் கூழ். 66 வயது வரை நானும் அதைத்தான் கஸ்டர்ட் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது கஸ்டர்டே இல்லை என்பது இப்போது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு வரலாம்.

கஸ்டர்ட் பவுடர் என்பது சோளமாவு. கூடவே நிறம், வாசனை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர் 1837இல் இதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அதனால் முட்டை இல்லாமலே கெட்டிப்படும் ஒன்றைச் செய்தார். பெண்டாட்டிக்காக இவ்வளவு மெனக்கெட்ட மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பதிலுக்கு வந்தது அசலின் பெயரையே எடுத்துக்கொண்டது. அசல் கஸ்டர்டில் பாலைக் கெட்டியாக்குவது முட்டை. அது ஒன்றுதான்.

இது எனக்குத் தெரியவந்தது 2015இல், அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில். அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அங்கே 'எக் கஸ்டர்ட் பை' என்று ஒன்று உண்டு. பை என்றதும் துணிப்பை ஞாபகம் வந்தால் தவறில்லை. என் மனைவிக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. வட்டத் தட்டில் மைதா மாவை விரித்து அடியிலும் ஓரத்திலும் ஓடு மாதிரி வைத்து, உள்ளே முட்டையும் பாலும் சர்க்கரையும் அடித்து ஊற்றி, மேலே ஜாதிக்காய் துருவிப் போட்டு ஓவனில் வேகவைப்பது. வெட்டினால் வெளிர் மஞ்சளில் வழுவழுவென்று நிற்கும். அலங்காரம் எதுவும் இல்லை.

தென் மாநிலங்களில் இதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. மோர் ஊற்றிச் செய்வது, மக்காச்சோள மாவு கொஞ்சம் சேர்த்துச் செய்யும் 'செஸ் பை', சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசித்துச் செய்வது, புளிப்புக்கு எலுமிச்சை கிடைக்காத காலத்தில் வினிகர் விட்டுச் செய்தது. எல்லாம் வீட்டில் பழம் இல்லாத நாளின் சமையல். கொல்லையில் நாலு கோழி, ஒரு பசு, டப்பாவில் சர்க்கரை. விருந்தாளி வந்துவிட்டால் இதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நம் வீடுகளில் திடீர் விருந்தாளிக்கு ரவா கேசரி கிண்டவில்லையா, அந்த மாதிரி.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

நாங்கள் போய் இரண்டு மாதத்தில் திருச்சியில் சம்பந்தியம்மா காலமாகிவிட்டார். மாப்பிள்ளை உடனே கிளம்பிப் போனார். மகளும் பேரப்பிள்ளைகளும் நாங்களும் அங்கேயே துக்கம் காத்தோம். பதினாறு முடியும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் சேர்த்து. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மா வந்தார். அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. எழுபத்தைந்து வயதிருக்கும். அந்த ஊர்களில் வயதான பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் அதில் பார்ப்பதில்லை. பெயரை விட்டுவிட்டு நானும் மிஸ் என்றே எழுதுகிறேன். இரண்டு கையாலும் ஒரு கண்ணாடித் தட்டைப் பிடித்திருந்தார். மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது. பேத்தி சொல்லித் தெரிந்ததாம். ரொம்ப நேரம் உட்காரவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்திலிருந்து சோறு வருவது நமக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் அதே வழக்கம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். யார் வீட்டிலாவது இறப்பு என்றால் சமைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து பாத்திரம் சேர்ந்துவிடும் என்பதால் தட்டின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். இந்தத் தட்டிலும் இருந்தது.

முட்டை இருக்கிறது. அதற்கும் மேலே, அடி ஓட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அவர்கள் பழக்கம் என்று மகள் சொன்னாள். மனைவி, "அந்தம்மா மனசு நோகக்கூடாது, ஃப்ரிட்ஜ்ல வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் மூன்று நாலு நாளைக்கு மேல் தாங்காது. நாலாம் நாள், மகள் வேலைக்குப் போன நேரத்தில், நான்தான் கரண்டியால் வழித்துக் குப்பையில் தள்ளினேன். ஒரு துண்டுகூட வெட்டாத முழுப் பை.

மறுநாள் வேலியோரம் மிஸ் கேட்டார், எப்படி இருந்தது என்று. ரொம்ப நன்றாக இருந்தது, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்றேன். துக்கத்தில் இருக்கிறோம், இந்த நாட்களில் முட்டை சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரியாமலா போயிருக்கும்? வாயில் வரவில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ செய்தது.

இப்போது தட்டு இருக்கிறது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. மனைவி ரவா லட்டு பிடித்து வைக்கலாம் என்றாள். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. பதினாறு முடிந்ததும் போய், எனக்கு அந்தப் பை செய்யக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு சனிக்கிழமை போனேன். முதல் ஆச்சரியம், அவர் சமையல் மேடையில் வெண்ணெய் எடுத்து வைத்திருந்தார். பன்றிக் கொழுப்பு டப்பா அலமாரியிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஏன் என்று சொல்லவில்லை.

ஓட்டுக்கு ஒன்றேகால் கப் மாவு, அரைக் கப் சில்லென்ற வெண்ணெய், அரை ஸ்பூன் உப்பு, மூன்று நாலு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெயைப் பட்டாணி அளவு துண்டுகளாக மாவில் உதிர்த்து, தண்ணீர் தெளித்துச் சேர்த்தால் போதும். பிசையவே கூடாது. நான் பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கையில் ஒரு தட்டு விழுந்தது. பிசைந்தால் மாவு இழுபடும், இழுபட்டால் ஓடு தோல் மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கத்துக் கோதுமையே மிருது, புரதம் குறைவு. டென்னஸியில் நாக்ஸ்வில் நகரத்தில் 1883இல் தொடங்கிய 'ஒயிட் லில்லி' மாவைத் தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார். விரித்த மாவைத் தட்டில் போட்டு, மேலே காகிதம் வைத்து, காய்ந்த பயறு கொட்டி, ஓட்டை மட்டும் முதலில் தனியாக வேகவைக்க வேண்டும். அந்தக் கனம் இல்லாவிட்டால் நடுவில் உப்பிவிடும். அப்படி முன்னாலேயே வேகவைக்காமல் பாலை ஊற்றினால் அடி சொதசொதவென்று பச்சை மாவாக நிற்கும்.

உள்ளே ஊற்ற 4 முட்டை, இரண்டரைக் கப் பால், முக்கால் கப்பைவிடக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் வெனிலா. பாலைச் சுடவைத்து, முட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பொடிமாஸ். நுரை வராமல் கலக்கி, வடிகட்டி, சூடான ஓட்டில் ஊற்றி, ஜாதிக்காயைத் துருவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் சுமார் 40 நிமிடம்.

விஷயம் இருப்பது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில். ஓரம் நின்றிருக்கும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தளதளவென்று ஆடும். அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும் என்றார். இரண்டாம் சனிக்கிழமை என்னைத் தனியே செய்யவிட்டுவிட்டு அவர் தோட்டத்துக்குப் போனார். ஆடுகிற முட்டையை வெந்தது என்று நம் மனசு ஒப்புமா? இன்னும் கால்மணி நேரம் விட்டேன். எடுத்து ஆறவைத்தால் மேலே வெடிப்பு, ஓரத்தில் தண்ணீர், உள்ளே திரிந்த பால் மாதிரி திப்பித் திப்பியாக. அத்தனையும் பாழ்.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முட்டைப் புரதம் சுருண்டு மடிந்து கிடக்கும். சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நடுவில் பாலைப் பிடித்துக்கொள்ளும். வெறும் முட்டை 60, 70 டிகிரி செல்சியஸிலேயே கட்டிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் 80 டிகிரி அளவில்தான் கட்டும். 85ஐத் தாண்டினால் வலை இறுகி, பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நடுவே ஐந்தாறு டிகிரிதான் இடம். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு கொஞ்ச நேரம் ஏறும், மிச்ச வேக்காடு அதில் நடக்கும். அதனால்தான் ஆடும்போதே எடுப்பது. மிஸ்ஸுக்கு இந்தப் பாடம் ஒன்றும் தெரியாது. தட்டை லேசாகத் தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். பாட்டி. பாட்டிக்கு? அவருடைய அம்மா. எழுத்தில் எதுவும் இல்லை. தென்பகுதிச் சமையல் என்று 1824இலேயே மேரி ராண்டால்ஃப் வர்ஜீனியாச் சமையல் புத்தகம் எழுதினார். அவர் வாழ்ந்த மாதிரிப் பெரிய வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர் அம்மையாரின் புத்தகம் 1881இல்தான் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியது. இதை மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து காட்டிய ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. குப்பைத்தொட்டிக்குப் போனது அடுத்த வீட்டுப் பலகாரம் என்று மட்டும் அதற்குப்பின் நினைக்க முடியவில்லை.

ஊர் திரும்பியபின் சின்ன ஓவன் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை செய்கிறேன். காலை நடையில் கூட வரும் நண்பர்கள் கேட்கிறார்கள்: "முட்டை போடாம பண்ண முடியாதா சார்?" முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் திரட்டுப்பால் இருக்கிறது, இந்தப் பை அதற்குப் பக்கத்தில்கூட வராது. சோளமாவைக் கரைத்து ஊற்றிவிட்டுக் கஸ்டர்ட் பை என்று பெயர் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். பருப்பில்லாத குழம்பைச் சாம்பார் என்று பரிமாறினால் நாம் விடுவோமா? நீங்கள் மட்டும் பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போடவில்லையா என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. கொழுப்பு மாறினால் ஓட்டின் பொறுபொறுப்பு குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். முட்டை போனால் உள்ளே இருப்பது கஸ்டர்ட் இல்லை.

மகளின் வாதம் வேறு. கடையில் உறையவைத்த ஓடு ரெடியாகக் கிடைக்கிறது, முழுப் பையே கிடைக்கிறது, எதற்கு அப்பா இந்தப் பாடு என்பாள். கடையில் வாங்கியதாக இருந்தால் குப்பையில் போட்டது எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது. 75 வயதுப் பெண்மணி காலையில் மாவை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, மத்தியானம் ஓடு வேகவைத்து, ஓவன் கதவுக்கு முன்னால் குனிந்து நின்று, ஆடுகிறதா ஆடுகிறதா என்று பார்த்து எடுத்துவந்தது அது. நானே செய்து கெடுத்தபிறகுதான் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நானாகச் செய்த பையை அதே கண்ணாடித் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடு நன்றாகத்தான் நின்றிருந்தது. மிஸ் ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே சாப்பிட்டார். ஜாதிக்காய் கொஞ்சம் அதிகம் என்றார். பிறகு இன்னொரு துண்டு வெட்டி எனக்கு நீட்டி, "நீங்களும் சாப்பிடுங்கள். இது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

வாங்கிச் சாப்பிட்டேன்.